கடலோரத்திலிருந்து மலையூருக்கு ஓர் இரவுப் பயணம்: மும்பை சைக்கிள்காரர்களுக்கு எந்த வழி பொருந்தும்?

நவம்பர் பிறந்து மழை ஓய்ந்ததும் சயான், தாராவி, செம்பூர், வாஷி பக்கத்துத் தமிழ் சைக்கிள் குழுக்களில் ஒரே கேள்வி ஓடும்: கடலோரத்தில் கிளம்பி ஓர் இரவுக்குள் மலைமேல் இருக்கும் ஓர் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், கண்டாளாவா, மாத்தேரானா, ஜவ்ஹாரா, இகத்புரியா? பெரும்பாலும் மலையின் அழகை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அப்படி எடுத்த முடிவுதான் பாதி வழியில் சறுக்குகிறது. மும்பையிலிருந்து போகும் பெரும்பாலான மலைகளுக்கு ஏற்றம் 8, 10 கிலோமீட்டர்தான். அதற்கு முன்னால் 60, 70 கிலோமீட்டர் சமதளச் சாலை கிடக்கிறது. ஆளைக் களைக்க வைப்பதும் விபத்து நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் முதலில் அந்தச் சமதளச் சாலையைப் பாருங்கள். அடுத்து, சைக்கிளோடு திரும்பி வர ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். மலை மூன்றாவது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடலாம். மும்பையையும் நவி மும்பையையும் இணைக்கும் கடல்பாலமான அடல் சேதுவில் சைக்கிள் ஓட்ட முடியாது. இருசக்கர வண்டிகளுக்கே அங்கே தடை. மும்பை–புனே விரைவுச்சாலையும் அப்படித்தான். வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழிகளில் பாதி இந்த இரண்டின் வழியாகத்தான் போகும். வழியைக் கார் முறையில் தேடாதீர்கள். ஊர் ஊராகப் பெயர் கொடுத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

கண்டாளா: மலை ஒன்று, வாசல் இரண்டு

அதிகம் பேர் போவது இந்த வழியில்தான். தாதர் சௌபாட்டியிலோ மாஹிம் கடற்கரையிலோ கிளம்பி சயான், வாஷி பாலம், பன்வேல், சௌக் வழியாகக் கொபோலி. சயானிலிருந்து கொபோலி வரை சுமார் 70 கி.மீ. அங்கிருந்து போர் காட் என்ற மலைப்பாதையில் ஏறினால் கண்டாளா. ஏற்றம் சுமார் 9 கி.மீ., உயரம் கூடுவது 500 மீட்டர் அளவுக்கு. சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் ஏறுகிறோம். ஷிங்ரோபா கோயிலை ஒட்டிய வளைவுகளில் இது இன்னும் செங்குத்தாகும். மலைப்பாதையை ஆங்கிலேயருக்குக் காட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மேய்ப்பரின் கோயில் அது. லாரி ஓட்டுநர்கள் அங்கே காசு போட்டுவிட்டுப் போவார்கள். வண்டிகள் வேகம் குறைக்கும் இடம் என்பதால் சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்க நிற்கவும் ஏற்ற இடம்.

இந்த வழியின் சிக்கல் சயான்–பன்வேல் நெடுஞ்சாலை. நள்ளிரவுக்குமேல் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் டிரெய்லர்கள் இதில் இறங்கும். கலம்போலியில் இரும்புச் சந்தை இருப்பதால் சாலையோரத்தில் கம்பித் துண்டும் சீவலும் கிடக்கும். தேய்ந்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகு நார் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாது. டயருக்குள் குத்தி நின்று, டியூப் மாற்றிய பத்தாவது நிமிடத்தில் மறுபடியும் காற்றை இறக்கும். பஞ்சர் ஆனதும் புது டியூபைப் போடும் முன், டயரின் உட்புறத்தைப் பஞ்சு அல்லது பழைய துணியால் சுற்றித் தடவுங்கள். நார் இருந்தால் துணி சிக்கும். சிறு இடுக்கி இல்லாமல் விரலால் அதை எடுக்க முடியாது.

கலம்போலி சந்திப்பில் மேம்பாலங்கள் பிரியும் இடத்தில் இடதுபக்கமே ஒட்டிப் போனால் வேறு சாலைக்கு இழுத்துவிடும். பிரிவதற்கு 200 மீட்டர் முன்பே கையைக் காட்டி உங்கள் தடத்துக்கு வந்துவிடுங்கள். வண்டி நெருக்கமாக வந்தால் நின்று, இறங்கி, உருட்டிக் கடந்து போங்கள். பன்வேலைத் தாண்டியதும் நிம்மதி. கார்கள் விரைவுச்சாலைக்குப் போய்விடும், பழைய நெடுஞ்சாலை ஓரளவு காலியாக இருக்கும்.

போர் காட்டின் மேற்பகுதியில் ஓர் இடத்தில் எச்சரிக்கை தேவை. பழைய சாலை ஏறிப்போய்ச் சிறிது தூரம் விரைவுச்சாலையோடு சேர்ந்து ஓடி, பிறகு கண்டாளாவுக்குப் பிரிகிறது. அந்தத் துண்டில் கார்கள் விரைவுச்சாலை வேகத்திலேயே வரும். வெளிச்சம் வந்த பிறகே அதைக் கடக்க வேண்டும். குழுவாகப் போனால் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்; படம் எடுக்க நிற்காதீர்கள்.

இதே மலைக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதே இல்லை. பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து வண்டி ஏற்றும் ரோ–ரோ கப்பலில் அக்கரையிலுள்ள மாண்ட்வா போய்விடலாம். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாண்ட்வாவிலிருந்து கார்லே கிண்ட் என்ற சிறு ஏற்றத்தைக் கடந்து போய்நாட், வட்கல், பேண் வழியாகக் கொபோலி சுமார் 75 கி.மீ. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் நகரத்தின் மொத்த நெரிசலும் கடலோடு போய்விடுகிறது. வட்கல் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் டோல்வி இரும்பாலை லாரிகளும் கோவா நெடுஞ்சாலை வண்டிகளும் இருக்கும். பேணிலிருந்து கொபோலிச் சாலை வயலும் சிறு குன்றுமாகப் போகும். கடலலை தொட்டுக் கிளம்பி மலை ஏறுவதுதான் உங்கள் ஆசை என்றால் இதுதான் அசல் வழி. குறை ஒன்றே: கப்பல் நள்ளிரவில் ஓடாது. சனிக்கிழமை மாலைக் கப்பலைப் பிடித்து, மாண்ட்வாவிலோ அலிபாகிலோ சாப்பிட்டு ஐந்து மணி நேரம் தூங்கி, விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் பயணம் ரத்தாகும், அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வாசலை நம்பாதீர்கள்.

கண்டாளாவும் லோனாவ்ளாவும் இப்போது நகரங்கள்தான். மலைமேல் ஊர் என்று சொல்லத்தக்க ஒன்று வேண்டும் என்றால் இன்னும் போக வேண்டும். லோனாவ்ளாவின் துங்கார்லியிலிருந்து 15 கி.மீ.க்குச் சற்று மேல் மண்பாதை, அதன் முடிவில் ராஜ்மாச்சிக் கோட்டை அடிவாரத்து உதேவாடி. ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டை முகடுகளும் ஊருக்கு மேலே நிற்கும். வீடுகளிலேயே தங்க இடமும், ஜுன்கா பாக்கரியும் (கடலைமாவுக் கறியும் தடித்த ரொட்டியும்) கிடைக்கும். பாதை கல்லும் புழுதியுமானது. 28 மி.மீ. டயரில் போனால் ரிம் அடிபடும். 40 மி.மீ. அல்லது மலைச் சைக்கிள் டயர் வேண்டும். மழையில் சிற்றோடைகள் குறுக்கே ஓடும். களிமண் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. இரவு முழுக்க ஓட்டிய களைப்போடு இதில் இறங்காதீர்கள். வெள்ளி இரவு கிளம்பி சனி மதியம் உதேவாடி, சனி இரவு அங்கே தூக்கம், ஞாயிறு இறக்கம் என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும்.

மாத்தேரான்: தூரம் குறைவு, கால் வலி அதிகம்

ரயில்வே இருப்பதால் மாத்தேரான் சுலபம் என்று நினைப்பது இயல்பு. நேரல் நிலையத்திலிருந்து தஸ்தூரி நாகா வரை 8, 9 கி.மீ.தான். ஆனால் அதற்குள் ஏறுவது 700 மீட்டருக்குக் கிட்ட. போர் காட்டைவிட ஒன்றரை மடங்கு செங்குத்து. சில கொண்டை வளைவுகளின் உட்பக்கத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அங்கே வளைவின் வெளிப்புறத்தை ஒட்டி ஏற வேண்டும், அதுவும் எதிரே வண்டி இல்லாதபோது மட்டும்.

இந்த மலைக்குப் போகலாமா என்பதை உங்கள் சைக்கிளின் பற்கள் சொல்லிவிடும். முன் பல்சக்கரத்தில் ஆகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள், பின்னால் ஆகப் பெரியதன் பற்களை எண்ணுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். சாலைச் சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 28 என்றால் விடை 1.21. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 9 கி.மீ.க்கு மேல். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், நூற்றுக்கு ஒன்பது ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 200 வாட் சக்தி வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறவர் ஒரு மணி நேரம் தாங்குவது பெரும்பாலும் 130 முதல் 150 வாட். மிச்சம் முழங்காலில் விழும். அதே சைக்கிளில் பின்னால் 34 பல் இருந்தால் விடை 1, வேகம் ஏழரை, தேவை 170 வாட். முன்னால் 28, பின்னால் 34 உள்ள ஹைபிரிட் சைக்கிளில் விடை 0.82, வேகம் 6 கி.மீ. சொச்சம், தேவை 140 வாட். மாத்தேரானுக்கு இந்தக் கடைசிக் கணக்குதான் சரி. விடை 1ஐத் தாண்டினால் கண்டாளாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அங்கே ஐந்தரை, ஆறு சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்துக்கு 115 வாட் போதும். பின்சக்கரத்தின் பல்தொகுப்பை மாற்ற நினைப்பவர்கள் முதலில் டிரெய்லியர் எத்தனை பல் வரை ஏற்கும் என்று கடையில் கேளுங்கள். டிரெய்லியர் என்றால் பின் கியரை நகர்த்தும் கை. குட்டைக் கையுள்ளதில் 34 பல்லை மாட்டினால் செயின் இழுபட்டு முறியும். செயினின் நீளத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நேரலுக்கு வர இரண்டு வழி. பன்வேல், சௌக், கர்ஜத் வழி சயானிலிருந்து சுமார் 80 கி.மீ. ஷில்பாட்டா, பத்லாப்பூர், வாங்கணி வழி குறைவு, ஆனால் ஷில்பாட்டாவில் இரவிலும் லாரி வரிசை நிற்கும். முதல் வழியையே எடுங்கள்.

மேலே போனதும் இன்னொரு நிபந்தனை. மாத்தேரான் 2003இல் சூழல் உணர்மண்டலமாக அறிவிக்கப்பட்டது. தஸ்தூரிக்கு மேல் காரும் பைக்கும் போக முடியாது. சைக்கிளைத் தஸ்தூரியிலேயே வலுவான பூட்டால் பூட்டிவிட்டு, சந்தைப்பகுதி வரை இரண்டரை மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதையில் நடப்பதாகவே திட்டமிடுங்கள். அதனால் கிளிப் வைத்த சைக்கிள் காலணி இங்கே தொல்லை. சாதாரண காலணியோடு தட்டைப் பெடலில் வருவதே வசதி.

ஜவ்ஹார்: முதல் இரவுப் பயணத்துக்கு நாங்கள் சொல்வது

மும்பைத் தமிழர்களில் ஜவ்ஹாரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. பால்கர் மாவட்டத்தில் ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறு ஊர். முக்னே அரசர்களின் பழைய தலைநகர், ஜெய்விலாஸ் அரண்மனை ஊருக்கு வெளியே நிற்கிறது. சுற்றிலும் வார்லி பழங்குடி மக்களின் பாடாக்கள், அதாவது சிற்றூர்கள்.

வழி இப்படி: மேற்கு ரயில் லோக்கலில் கேல்வே ரோடு இறங்கி, கேல்வா கடற்கரைக்கு 8 கி.மீ. போல ஓட்டுங்கள். சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, தங்கவும் சாப்பிடவும் வீட்டு விடுதிகள். அங்கிருந்து பால்கர், வாக்கோபா கிண்ட், மனோர், விக்ரம்கட், ஜவ்ஹார். மொத்தம் சுமார் 80 கி.மீ. மலை உயரம் மற்றவற்றைவிடக் குறைவு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். வாக்கோபா கிண்டில் ஏறி இறங்கி, விக்ரம்கட்டுக்குப் பிறகு மறுபடி மறுபடி ஏறி இறங்கித்தான் போகும். ஏற்றத்தை எல்லாம் கூட்டினால் 450ஐத் தாண்டும். ஆனால் எங்கேயும் நீண்ட, மூச்சு முட்டும் ஒரே ஏற்றம் இல்லை. 34க்கு 28 பல் சைக்கிளிலும் ஏறலாம்.

இந்த வழியைச் சொல்வதற்குக் காரணம் சாலைதான். மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையை மனோரில் குறுக்கே கடக்கும் ஓர் இடத்தைத் தவிர, கனரக லாரிகளோடு போட்டி போட வேண்டியதில்லை. மனோர்க் கடவில் கீழ்ப்பாதையைத் தேடி அதன் வழியாகவே போங்கள், நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டிச் சைக்கிளைத் தூக்கிக் கடக்காதீர்கள். இருட்டில் வரும் வண்டியின் வேகத்தை விளக்கை வைத்து அளக்க முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விக்ரம்கட் தாண்டினால் இரவில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. சாலை குறுகல், தெருவிளக்கு கிராமங்களில் மட்டும். வேகத்தடைகளுக்கு வெள்ளைக்கோடு இருக்காது, முன்விளக்கைக் கீழே சாய்த்து வைக்காதவர்கள் அதில் பறப்பார்கள். கைப்பேசிச் சிக்னல் விட்டு விட்டு வரும். நாய்கள் குலைத்துக்கொண்டு துரத்தினால் வேகமாக மிதிக்காமல் நின்று, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து நடங்கள். பத்து அடியில் விட்டுவிடும். தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் என்பது நல்ல எண்ணிக்கை: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் உதவி தேடிப் போக. மராத்தியில் ஒரு வரி தெரிந்தால் போதும்: ‘பாவூ, பங்சர்வாலா குடே ஆஹே?’ (அண்ணே, பஞ்சர் ஒட்டுகிறவர் எங்கே?)

திரும்பி வர, அதே வழியில் பால்கருக்கு இறங்கலாம், அல்லது காசா வழியாக டஹாணு ரோட்டுக்குப் போகலாம். இரண்டு இடத்திலும் மேற்கு லோக்கல் உண்டு. மாநில அரசின் எஸ்.டி. பேருந்தில் கூரைமேல் சைக்கிள் ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். பேருந்துக்குப் பேருந்து, நடத்துநருக்கு நடத்துநர் அது மாறும், திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இகத்புரி, மஹாபலேஷ்வர்

இகத்புரிக்கு தாணே, பிவண்டி, படகா, ஆசன்காவ், கசாரா வழியாகச் சயானிலிருந்து 120 கி.மீ. அளவு. கசாரா காட்டின் ஏற்றம் 300 மீட்டர்தான், நிதானமானது. நல்ல அம்சம், கசாரா வரை ரயில் பாதை கூடவே வருகிறது. ஆசன்காவ், கர்டி, கசாரா என்று எங்கே முடியாமல் போனாலும் லோக்கல் ஏறிவிடலாம். ஆனால் பிவண்டியின் கிடங்குகளைச் சுற்றிய 20 கிலோமீட்டரில் இரவெல்லாம் லாரிகள் உள்ளேயும் வெளியேயும் திரும்பிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் நிறுத்திய டிரெய்லர்களுக்கு விளக்கு இருக்காது. பகலில் ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல பயிற்சிச் சாலை. இரவுப் பயணத்துக்கு வேண்டாம்.

மஹாபலேஷ்வரைக் கேட்பவர்களுக்கு: ஹரிஹரேஷ்வர்க் கடற்கரையிலிருந்து மாண்காவ், மஹாட், போலாத்பூர் வழியாக அம்பேநளி காட் ஏறினால் 1,350 மீட்டர் உயரத்துக்குப் போகலாம். ஏற்றம் மட்டுமே 40 கி.மீ. போல. இது ஓர் இரவில் முடிக்கிற காரியமில்லை. மூன்று நாள் ஒதுக்கி, மழை முடிந்து பாறைச்சரிவு அடைத்த சாலை திறந்தபின் போங்கள்.

இரவு முழுக்க மிதிப்பதா, நடுவில் தூங்குவதா

மலை ஏற்றமும் இறக்கமும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், சமதளம் இருட்டில் இருக்கலாம். இந்த ஒரு விதியிலிருந்து மற்ற நேரங்கள் எல்லாம் பின்னோக்கிக் கணக்கிடப்படும். ஜனவரியில் மும்பைப் பக்கம் சூரியன் 7.10 வாக்கில் உதிக்கிறது, ஆறே முக்காலுக்கே சாலை தெரியும். சயானிலிருந்து கொபோலி 70 கி.மீ.யை, நிற்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 14 கி.மீ. என்று கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம். அதனால் ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினால் சரி. இரவு பத்துக்கே கிளம்புகிறவர்கள் மூன்று மணிக்குக் கொபோலியில் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். பொறுமை போய் இருட்டிலேயே ஏறத் தொடங்குவார்கள். ஏற்றத்தில் சைக்கிள் மெதுவாக, கொஞ்சம் வளைந்து வளைந்து போகும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது பிடிபடாது.

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். கண் சொருகுவதற்கு முன்பே வரும் அறிகுறி, கோட்டைப் பிடித்து ஓட்ட முடியாமல் வலப்பக்கம் சாய்வது. அப்போது தேநீரை நம்பாதீர்கள். விளக்கு எரியும் பெட்ரோல் பங்கில் 20 நிமிடம் படுத்து எழுங்கள். பெண்கள் இருக்கும் குழுக்கள் கழிப்பறை உள்ள பங்குகளை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்வது அவசியம். முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் யோசனை: இரவு ஒன்பதுக்குள் கடற்கரை ஊரிலேயே தூங்கி, மூன்றரைக்குக் கிளம்புங்கள். கேல்வாவும் மாண்ட்வாவும் இதற்கு ஏற்றவை, மாஹிம் ஏற்றதல்ல.

பையில் என்ன இருக்க வேண்டும்

முன்விளக்கு 400 லூமெனுக்குக் குறையக் கூடாது. விளம்பரத்தில் எழுதிய நேரத்தில் முக்கால் பங்கைத்தான் நம்ப வேண்டும், அதனால் இரண்டு விளக்கு, அல்லது ஒன்றும் 10,000 எம்.ஏ.எச். பவர் பாங்கும். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு: ஒன்று நிலையாக, ஒன்று மினுக்கிக்கொண்டு. மினுக்குவது கவனத்தை ஈர்க்கும், நிலையானது தூரத்தைக் காட்டும். ஒன்று அணைந்தால் பின்னால் வருகிறவர்தான் உங்களுக்குச் சொல்ல முடியும்.

டியூப் இரண்டு, ஒட்டுப் பொட்டலம், டயர் நெம்பி இரண்டு, கை பம்ப், அறுகோணச் சாவிக் கொத்து, செயினின் இணைப்புக் கண்ணி ஒன்று, பிரேக் கட்டை ஒரு ஜோடி. சாலைச் சைக்கிளின் டியூபில் மெல்லிய வால்வு இருக்கும். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் காற்றடிக்கும் குழாய் கார் வால்வுக்கானது, அது இதில் பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள். அதோடு, லாரி டயருக்கான கம்பிரஸரில் காற்றை ஒரே அழுத்தில் விட்டால் டியூப் வெடிக்கும். அரைநொடி அரைநொடியாகத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். 28 மி.மீ. டயருக்கு 70–75 பி.எஸ்.ஐ., 32க்கு 55–65 போதும், இரவில் குழி தெரியாத சாலையில் இந்த அளவின் கீழ்முனையே நல்லது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால் லிட்டர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதிய அளவு தண்ணீரில் கலக்குங்கள், குறைத்தோ கூட்டியோ கலக்காதீர்கள். சாப்பாடு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. ஒரு வாழைப்பழம் 25 கிராம் தரும், ஒரு இட்லி பத்துக்குச் சற்று மேல். வீட்டிலிருந்து எடுத்துப் போக புளியோதரையே சிறந்தது. இரவு முழுக்கக் கெடாது, உப்பும் இருக்கிறது. தயிர்சாதம் பையின் வெக்கையில் புளித்துவிடும். பசித்த பிறகு சாப்பிடாதீர்கள், மணி அடித்தாற்போல நாற்பது நிமிடத்துக்கு ஒரு வாய். கொபோலியில் வடா பாவ் கிடைக்கும், ஏற்றத்துக்கு முன் ஒன்றுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் வயிற்றில் நிற்கும்போது குனிந்து மிதிக்க முடியாது.

காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றைச் சுருட்டி வையுங்கள். வியர்த்த உடம்போடு ஜனவரிக் காலையில் இறங்கினால் பத்து நிமிடத்தில் கை விறைத்து பிரேக்கை அழுத்த வராது. சட்டை இல்லாவிட்டால் இறங்கும் முன் டீக்கடைச் செய்தித்தாள் ஒன்றை நெஞ்சில் வைத்து மூடிக்கொள்ளலாம்.

யாருக்கு எது

கியர் இல்லாத ஒற்றைப் பல் சைக்கிளோ, முதல் இரவுப் பயணமோ என்றால் கேல்வாவிலிருந்து ஜவ்ஹார். ஒற்றைப் பல் என்றால் கடைசி ஏற்றங்களில் இறங்கித் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள், கடலும் மலையும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் மாண்ட்வா–கொபோலி–கண்டாளா. மண்சாலை டயர் இருந்தால் அதை உதேவாடி வரை நீட்டுங்கள், எல்லா வழிகளிலும் அந்த ஊரே மனதுக்கு நிறைவானது. பற்கணக்கு 1க்குக் கீழே உள்ளவர்கள், செங்குத்தே வேண்டும் என்பவர்களுக்கு மாத்தேரான். நகரத்திலிருந்து கதவைப் பூட்டி நேரே கிளம்பிப் போர் காட் ஏறுவது கூட்டத்தோடு, வழி தெரிந்த ஒருவர் முன்னால் போகும்போது மட்டும்.

இறக்கமும் திரும்புதலும்

மாத்தேரான் இறக்கத்தில் டாக்ஸி வேன்கள் வளைவை வெட்டிக்கொண்டு ஏறி வரும். உங்கள் பக்கத்திலேயே ஒட்டி, பார்வை தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மட்டும் இறங்குங்கள். பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே இறங்குவது தவறு. ரிம் பிரேக்கில் சூடு ஏறிக்கொண்டே போய் டியூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக்கில் பிடிப்பு தளரும். நேரான பகுதியில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, வளைவில் உருள விடுங்கள். முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடியுங்கள். மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவையுங்கள். மழையில் ரிம் பிரேக் பிடிக்கவே நேரமாகும், மணல் கலந்த நீர் கட்டையை ஒரே இறக்கத்தில் தேய்த்துவிடும். கிளம்பும் முன்பே கட்டையின் வரிப்பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். பள்ளம் மறைந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள்.

லோனாவ்ளாவிலிருந்து மும்பை லோக்கல் கிடையாது. விரைவு ரயிலில் சைக்கிளை லக்கேஜ் வேனில் பதிவு செய்ய வேண்டும். அது நடக்க நேரமும் பார்சல் அலுவலகமும் வேண்டும். சுலபமான வழி, காலை பத்துக்குள், கார்க் கூட்டம் ஏறி வருவதற்கு முன், கொபோலிக்கு இறங்கிவிடுவது. கொபோலி லோக்கல் எண்ணிக்கையில் குறைவு; நேரம் ஒத்து வராவிட்டால் இன்னும் 15 கி.மீ. ஓட்டிக் கர்ஜத்தில் ஏறுங்கள். மாத்தேரானுக்கு நேரல் நிலையமே அடிவாரத்தில் இருக்கிறது. லோக்கலில் சைக்கிளுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்து, லக்கேஜ் பெட்டியில் ஏற்றி, பெடலை உள்பக்கம் திருப்பிக் கம்பியோடு கட்டி வையுங்கள். மீன்கூடை, காய்கறி மூட்டைக்காரர்களுக்கு வழிவிட்டு நின்றால் அவர்களே கைகொடுத்து இறக்கி விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக். மத்திய ரயில்வேயிலும் ஹார்பர் பாதையிலும் காலை 11 மணி வாக்கிலிருந்து மாலை 4 வரை ஏதாவது ஒரு துண்டில் தடமே மூடியிருக்கும், ஓடும் ரயில்கள் பிதுங்கி வழியும். எந்தத் துண்டு என்பது முன்னதாகவே அறிவிக்கப்படும். சனிக்கிழமை பையைக் கட்டும்போதே அதைப் பார்த்து, திரும்பும் ரயில் பத்தரைக்கு முன்பா, நாலரைக்குப் பிறகா என்று தீர்மானித்துவிடுங்கள்.